பனி வீதிக்கு ஒரு குடும்ப வண்டி: ஒன்ராறியோக் கிராமத்துக்குக் குடிபோகிறவர்கள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்காபரோவில் பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டு, ஓவன் சவுண்டுக்குத் தெற்கே ஒரு பண்ணை வீட்டுக்குக் குடிபோன முதல் டிசம்பரிலேயே எங்கள் வண்டி பள்ளத்தில் இறங்கியது. நான்கு சக்கர இழுவை உள்ள, உயரமான, வாங்கி மூன்று மாதமேயான வண்டி. சந்தியில் நிறுத்தல் பலகையைக் கண்டு பிரேக்கை அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை. அவசரமே இல்லாமல், சந்தியை நேராகக் கடந்து, எதிர்ப்பக்க வாய்க்காலுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டது. பின்னால் இருந்த மகள், "அப்பா, நாங்கள் எங்கே போகிறோம்?" என்று கேட்டாள்.

அரை மணி கழித்து டிராக்டரோடு வந்த பக்கத்துப் பண்ணைக்காரர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து டயரைப் பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டு ரப்பரில் நகத்தை ஊன்றினார். பதியவில்லை. "கோடைக்கு நல்ல டயர்" என்றார். பிறகு சங்கிலியை மாட்டத் தொடங்கினார்.

நாங்கள் பணம் செலவழித்த வரிசையே தலைகீழ். பெரிய வண்டி, பிறகு தோல் இருக்கை, பிறகு கூரைக் கண்ணாடி. டயரைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று மறுபடி வாங்கப் போனால் எந்த வரிசையில் பார்ப்பேனோ அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். ஒன்ராறியோவின் கிரே, புரூஸ் வட்டாரங்களை மனத்தில் வைத்து எழுதியது இது. மலைப்பாதைகள் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ கடுங்குளிர் கொட்டும் மனிற்றோபாவிலோ இருப்பவர்கள் சில இடங்களில் கணக்கை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

படி 1: வண்டிக்கு முன் வீதியைப் பாருங்கள்

விற்பனையாளர் முதலில் கேட்பது, "குடும்பத்தில் எத்தனை பேர்?" என்று. அதற்கு முன் நீங்கள் விடை கண்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: என் வீட்டு வாசலிலிருந்து, ஒழுங்காகப் பனி வாரப்படும் வீதிக்கு எவ்வளவு தூரம்?

ஒன்ராறியோவில் உள்ளூராட்சி வீதிகளை 1 முதல் 6 வரை வகுப்புப் பிரித்திருக்கிறார்கள். வேக எல்லையும் ஒரு நாளில் ஓடும் வாகனங்களின் எண்ணிக்கையும்தான் அளவுகோல். 239/02 என்ற மாகாண ஒழுங்குவிதியில் ஒவ்வொரு வகுப்புக்கும் எவ்வளவு பனி கிடக்கலாம், பொழிவு ஓய்ந்த பின் எத்தனை மணி நேரத்துக்குள் வாரி முடிக்க வேண்டும் என்று இருக்கிறது. முதலாம் வகுப்பு வீதியில் 2.5 செ.மீ., 4 மணி நேரம். மூன்றாம் வகுப்பில் 8 செ.மீ., 12 மணி நேரம். நான்காம் வகுப்பிலும் அதே 8 செ.மீ.தான், ஆனால் 16 மணி நேரம். ஐந்தாம் வகுப்பில் 10 செ.மீ., 24 மணி நேரம். ஆறாம் வகுப்புக்கு அளவே கிடையாது.

இதை வீட்டுக் கணக்காக மாற்றிப் பாருங்கள். இரவு பத்து மணிக்குப் பனி ஓய்கிறது. நீங்கள் ஐந்தாம் வகுப்பு வீதியில் இருக்கிறீர்கள். மறுநாள் இரவு பத்து மணி வரை அந்த வீதியில் ஒரு சாண் பனி கிடந்தாலும் யாரையும் குறை சொல்ல முடியாது. நடைமுறையில் பனி வாரும் லாரி பெரும்பாலும் விடியும் முன்பே வந்துவிடுகிறது. எங்கள் வீதிக்கு வருகிறவரின் மஞ்சள் சுழல்விளக்கைக் கண்டுதான் நான் தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறேன். ஆனால் வண்டி வாங்குவது அவர் வராத நாளுக்காக. உள்ளூராட்சி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, "என் வீதி எந்த வகுப்பு? சரளையா, தாரா?" என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். சரளை வீதியில் உப்புப் போடுவதில்லை. உப்பு அடிப்பரப்பை இளக்கிவிடும் என்பதால் மணலைத்தான் தூவுவார்கள். அதனால் அங்கே பனி இறுகிப் பலகைபோல் மாதக்கணக்கில் கிடக்கும்.

அடுத்தது காற்று. ஹூரோன் ஏரியும் ஜோர்ஜியன் விரிகுடாவும் உறையாத வரை, அவற்றின் மேல் ஓடிவரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் பட்டை பட்டையாகக் கொட்டும். ஒரு கிராமத்தில் வெயில், பத்து கிலோமீட்டரில் கண்முன் வெள்ளைச் சுவர். வயர்ட்டன் பக்கத்தில் ஆண்டுக்கு மூன்று மீட்டருக்கு மேல் பனி விழுகிறது. ரொறன்ரோவின் வானிலையைக் கேட்டுவிட்டு இங்கே வண்டி தேர்ந்தெடுப்பது வவுனியா வெயிலைப் பார்த்து நுவரெலியாவுக்கு உடுப்பு எடுப்பதுபோல.

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: வீதியின் வகுப்பு, சரளையின் நீளம், ஏற்றம் இருக்கிறதா, வீட்டு டிரைவ்வே எத்தனை மீட்டர், அதை யார் வாருவார், பள்ளி எவ்வளவு தூரம், மருத்துவமனை எவ்வளவு தூரம். வண்டிக் கடைக்குள் நுழையும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும். மினுமினுக்கும் வண்டியைக் கண்டதும் மனம் தாளை மறந்துவிடும், அதற்காகத்தான்.

படி 2: டயருக்குப் பணத்தை எடுத்துவைத்துவிட்டு மீதியில் வண்டி தேடுங்கள்

வாகன வழிகாட்டிகளில் டயர் கடைசி அத்தியாயத்தில் வரும். இங்கே இரண்டாம் படியில் வைத்ததற்குக் காரணம் அந்த வாய்க்கால்.

எல்லாப் பருவத்துக்குமான டயர் என்று விற்பது பெயரில்தான் எல்லாப் பருவம். வெப்பநிலை ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே இறங்கியதும் அதன் ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது. பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவை பனியைக் கவ்விப் பிடிக்கும்.

டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் சேர்ந்த சின்னத்தைத் தேடுங்கள். அந்தச் சின்னம் வேண்டுமென்றால் டயர் பனியில் சோதிக்கப்பட்டுக் குறிப்பிட்ட அளவு பிடிமானத்தைக் காட்டியிருக்க வேண்டும். வெறும் "எம்+எஸ்" என்ற எழுத்துகள் வரிப்பள்ளத்தின் வடிவத்தைப் பற்றி மட்டும் சொல்கின்றன. எந்தப் பனியிலும் ஓட்டிப் பார்த்ததற்கு அது சான்று அல்ல. என் வண்டியில் அந்த எழுத்துகள் இருந்தன.

இப்போது "ஆல் வெதர்" என்று ஒரு வகையும் வந்திருக்கிறது. மலைச் சின்னம் உள்ளது, ஆண்டு முழுவதும் மாற்றாமல் ஓட்டலாம். தாரிட்ட, காலையிலேயே வாரப்படும் வீதியில் இருப்பவர்களுக்கு அது போதும். சரளை வீதிக்காரர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இறுகிய ஐஸில் நல்ல பனிக்கால டயரோடு அது போட்டியிட முடியாது. ஆணி பதித்த டயர் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் ஒன்ராறியோவில் அது வடக்குப் பகுதி மக்களுக்கு மட்டுமே அனுமதி.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள். இரண்டு மட்டும் போட்டால் வண்டியின் ஒரு முனை பிடிக்கும், மறுமுனை சுற்றிக்கொண்டு வரும். டயரை மாட்டும் உலோக வட்டும் (ரிம்) சேர்த்து வாங்குங்கள், ஆண்டுக்கு இருமுறை கழற்றி மாட்டும் கூலி மிஞ்சும். உங்கள் வண்டிக்கு 19 அங்குல வட்டு வந்திருந்தால், பிரேக்குக்கு இடம் இருக்கும் பட்சத்தில், பனிக்காலத்துக்கு 17 அங்குலம் எடுங்கள். விலை குறைவு, பக்கச்சுவர் உயரம், குழியில் விழுந்தாலும் வட்டு நெளியாது. பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள்: 2322 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. வரிப்பள்ளம் 4 மி.மீ.க்கு வந்துவிட்டால் அந்த டயருக்குப் பனியில் வேலை இல்லை, சட்டப்படி தேய்ந்ததாகக் கருதாவிட்டாலும்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. அதற்குப் பதில், பனிக்கால டயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 ஜனவரி 1 முதல் விதி இருக்கிறது. நீங்களாகக் கேட்காவிட்டால் சில நேரம் அது கணக்கில் ஏறாது. நாங்கள் இரண்டு ஆண்டுகள் கேட்கவில்லை.

படி 3: நான்கு சக்கர இழுவை எதற்கு, எதற்கு இல்லை

நான்கு சக்கர இழுவை கிளம்புவதற்கு உதவும். ஏற்றம் ஏறுவதற்கு உதவும். டிரைவ்வே வாயில் லாரி ஒதுக்கிவிட்டுப் போன பனிவரம்பை முட்டிக்கொண்டு வெளியே வருவதற்கு உதவும். நிற்பதற்கு உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும் இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது டயர் மட்டுமே.

பள்ளிக்கூடப் பௌதிகம் கொஞ்சம் போதும். ஒன்ராறியோவில் ஊருக்கு வெளியே, பலகை இல்லாத வீதியில் வேக எல்லை 80 கி.மீ. அந்த வேகத்தில் உலர்ந்த தாரில் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 36 மீட்டரில் வண்டி நிற்கும். உராய்வு 0.3 உள்ள இறுகிய பனியில் 84 மீட்டர். 0.2 ஆக இறங்கினால் 126 மீட்டர். உங்கள் கால் பிரேக்குக்குப் போகும் நேரம் இதில் சேரவில்லை. 0.2ஐ 0.3 ஆக்குவது டயரால் முடிகிற வேலை. இழுவையால் ஒரு மீட்டரும் குறையாது. அதோடு, சறுக்காமல் கிளம்பிய வண்டி வீதி நன்றாக இருக்கிறது என்ற பொய்யை ஓட்டுநரின் காதில் ஓதிவிடும். முன்சக்கர இழுவை வண்டி கிளம்பும்போதே சறுக்கி, உண்மையைச் சொல்லிவிடுகிறது.

ஆகவே என் கணக்கு இப்படி. சமதளம், குறுகிய டிரைவ்வே, மூன்றாம் வகுப்பு அல்லது அதைவிட நல்ல வீதி என்றால், நல்ல பனிக்கால டயர் போட்ட முன்சக்கர இழுவை வண்டி போதும். மிஞ்சும் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றமோ, நூறு மீட்டருக்கு மேல் டிரைவ்வேயோ, நான்கு, ஐந்தாம் வகுப்பு வீதியோ இருந்தால் நான்கு சக்கர இழுவையும் வேண்டும், பனிக்கால டயரும் வேண்டும்.

நான்கு சக்கர இழுவையிலும் வகை உண்டு. சுபாருவின் பெரும்பாலான வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் விசை போய்க்கொண்டிருக்கும். பல சிறிய எஸ்யூவிகளில் முன்சக்கரம் வழுக்கத் தொடங்கும்போதோ, வழுக்கும் என்று கணினி கணிக்கும்போதோதான் பின்சக்கரம் சேர்ந்துகொள்ளும். பெட்ரோல் இயந்திரமும் மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் வண்டிகளான டொயோட்டாவின் ராவ்4 ஹைபிரிட், சியென்னா போன்றவற்றில் பின்சக்கரத்தைச் சுழற்றுவது தனியான மின் மோட்டார். முன்னுக்கும் பின்னுக்கும் இடையே தண்டு கிடையாது. தினசரிப் பாவனைக்கு எல்லாமே தாங்கும். ஆழமான பனியில் நெடுநேரம் உழ வேண்டிய வீடு என்றால் முதல் வகையைத் தேடுங்கள். எந்த வகையானாலும் நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்தவையாக இருப்பது நல்லது. ஆணி ஏறிய ஒரு டயருக்காக நான்கையும் மாற்ற நேர்ந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர்.

பிக்கப் பற்றியும் கேட்பார்கள். பின்பெட்டி காலியாக இருந்தால் பின்சக்கரத்தில் பாரமில்லை, ஆகவே பிடியும் இல்லை. பண்ணை வேலைக்கு வேண்டுமானால் எடுங்கள். பிள்ளைகளை ஏற்றுவதற்கென்று எடுக்காதீர்கள்.

படி 4: தரை இடைவெளி

வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரம். கொரோலா போன்ற செடானில் 13, 14 செ.மீ. இருக்கும். சியென்னாவில் 16 செ.மீ. அளவு. ராவ்4, ஹோண்டாவின் சிஆர்வி போன்றவை 20ஐச் சுற்றி நிற்கின்றன. சுபாருவின் ஃபாரஸ்டர், அவுட்பேக், குராஸ்ட்ரெக் மூன்றுக்கும் வழக்கமான வகையில் 22 செ.மீ.

உங்கள் தாளை எடுத்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு வீதியில் விதிப்படியே 10 செ.மீ. கிடக்கலாம், பொழிந்துகொண்டிருக்கும்போது அதைவிட அதிகம். காற்று ஒதுக்கிய இடத்தில் அது இரட்டிக்கும். முன்னால் போன டிராக்டரின் தடத்தில் நீங்கள் போகிறீர்கள். இரு தடங்களுக்கும் நடுவே மேடு. வயிறு அந்த மேட்டில் ஏறிவிட்டால் சக்கரங்கள் காற்றில் சுழலும், எத்தனை சக்கரத்துக்கு இழுவை இருந்தும் பயன் இல்லை. சரளை வீதிக்கு 20 செ.மீ. என்பது என் கீழ் எல்லை. அதற்கு மேல் உயரத்தைத் துரத்த வேண்டாம். உயர்ந்த வண்டி பக்கக்காற்றுக்கு ஆடும், ஏறி இறங்குவதும் சிரமம்.

படி 5: குடும்பத்தை உள்ளே உட்காரவைத்துப் பாருங்கள்

கடைக்கு உங்கள் குழந்தை இருக்கைகளைத் தூக்கிக்கொண்டு போங்கள். பின்னோக்கிப் பார்க்கும் இருக்கையை ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்திவிட்டு, நீங்கள் முன்னால் உட்கார்ந்து முழங்கால் எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். கடைக்காரர் பொறுமையிழந்தால் அது அவர் கவலை.

பனி நாட்டில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பருத்த பனிக்கோட்டோடு குழந்தையை இருக்கைப் பட்டியில் கட்டக் கூடாது. வீட்டிலேயே சோதிக்கலாம். கோட்டோடு கட்டி இறுக்குங்கள். பட்டியைத் தளர்த்தாமல் குழந்தையை எடுங்கள். கோட்டைக் கழற்றிவிட்டு, அதே அளவில் மறுபடி கட்டுங்கள். எங்கள் மகனுக்கு என் கை முழுவதும் உள்ளே போகுமளவு இடைவெளி தெரிந்தது. மோதலில் அந்தப் பஞ்சு அமுங்கிவிடும். பட்டி அந்த அளவுக்குத் தளர்ந்திருக்கும்.

அப்படியென்றால் மெல்லிய சட்டையோடு குழந்தை உட்கார வேண்டும். வண்டி முன்பே சூடாகியிருக்க வேண்டும். தூரத்திலிருந்து இயக்கும் வசதியை ஆடம்பரம் என்று நான் ஒதுக்கிவந்தேன். இப்போது அவசியத்தில் சேர்த்துவிட்டேன். மூடிய கராஜுக்குள் மட்டும் அதை இயக்கவே வேண்டாம், புகையின் நஞ்சு வீட்டுக்குள் ஏறும். பின்வரிசைக்குத் தனி வெப்பக்காற்றுத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அம்மம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். சேலையும் பனிச்சப்பாத்துமாக ஓர் உயரமான எஸ்யூவியில் ஏறும்போது, ஐஸ் படிந்த படியில் கால் வைக்க நேர்கிறதா? தமிழ்க் குடும்பங்கள் சியென்னா, ஒடிசியில் கட்டுண்டு கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது: தாழ்ந்த தளம், சறுக்கிச் செல்லும் கதவு, எட்டுப் பேர் ஏறினாலும் கோயில் படையல் சட்டிக்கு இடம். சியென்னாவில் 2021 வடிவம் முதல் எல்லாம் ஹைபிரிட். நான்கு சக்கர இழுவையும் கிடைக்கிறது. தாரிட்ட வீதி வீட்டுக்கு அதைவிட நல்ல குடும்ப வண்டி எனக்குத் தெரியாது. சறுக்குக் கதவின் தடத்தில் உருகிய தண்ணீர் மறுபடி உறைந்து கதவு திறக்க மறுப்பதற்கு மட்டும் ஆயத்தமாக இருங்கள்.

படி 6: விளக்கும் கண்ணாடியும்

கிராமத்தில் தெருவிளக்கு கிடையாது. மான்கள் உண்டு. காப்புறுதி நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ் 2016 முதல் முகப்பு விளக்குகளைத் தனியாகத் தரப்படுத்துகிறது. ஒரே வண்டியின் மலிவான வகைக்கும் உயர்ந்த வகைக்கும் தரம் வேறுபடலாம், ஆகவே நீங்கள் வாங்கும் வகையின் மதிப்பெண்ணையே பாருங்கள். எல்இடி விளக்கின் முகம் அவ்வளவாகச் சூடாவதில்லை என்பதால் அதில் ஒட்டிய பனி எளிதில் உருகாது. நீண்ட பயணத்தில் இறங்கித் துடைக்க வேண்டும்.

பழைய வண்டியானால் பின்விளக்கையும் கேளுங்கள். கனடாவில் பகல்விளக்கு தானாக எரியும், ஆனால் பல வண்டிகளில் அதோடு பின்விளக்கு எரிவதில்லை. பனித்திரையில் பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். 2021 செப்டம்பர் 1 முதல் செய்த வண்டிகளில் இதற்கு விதி வந்துவிட்டது. அதற்கு முந்தியதானால் கையால் திருகிப் போடும் பழக்கம் வேண்டும்.

முன்கண்ணாடியில் துடைப்பான் ஓய்வெடுக்கும் இடத்தைச் சூடாக்கும் கம்பி, சூடாகும் பக்கக் கண்ணாடி, சூடாகும் இருக்கை: இந்த மூன்றுக்கும் பணம் கொடுக்கலாம். கூரைக் கண்ணாடிக்குக் கொடுக்காதீர்கள், ஐந்து மாதம் அதன்மேல் பனிதான் கிடக்கும். ரேடாரையும் கேமராவையும் நம்பி ஓடும் உதவிகள், முன்பக்கம் பனி அப்பியதும் "இயங்கவில்லை" என்று கைவிரித்துவிடும். தேவையான அன்று இல்லாத உதவி என்று எண்ணிக்கொண்டே வாங்குங்கள்.

படி 7: எரிபொருளா, ஹைபிரிட்டா, மின்சாரமா

ஹைபிரிட் இங்கே நன்றாகவே ஓடுகிறது, கடுங்குளிரில் சிக்கனம் மட்டும் கொஞ்சம் குறையும். மின்வண்டி குறித்து ஒரு நல்ல அளவீடு இருக்கிறது. கனடிய வாகன ஓட்டிகள் சங்கமான சிஏஏ 2025 பிப்ரவரியில் ஒட்டாவாவிலிருந்து மோன் ட்ரெம்ப்ளான் வரை பல மின்வண்டிகளைத் தீரும் வரை ஓட்டிப் பார்த்தது. அறிவித்த தூரத்தில் 14 முதல் 39 விழுக்காடு வரை குறைந்தது. ஆக, 400 கி.மீ. என்று எழுதிய வண்டியை 240 என்று வைத்துத் திட்டமிட்டால் ஏமாற்றம் இல்லை. வீட்டிலேயே 240 வோல்ட்டில் மின்னேற்றலாம், அன்றாடம் நூறு கிலோமீட்டருக்குள் என்றால் தயங்க வேண்டியதில்லை. மின்கம்பியோடு இணைந்திருக்கும்போதே உள்ளே சூடாக்கிக்கொள்ளலாம், புகையும் இல்லை. வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துக் குறைந்த மின்சாரத்தில் சூடாக்கும் வெப்பப் பம்பு உள்ள வகையாகப் பாருங்கள். மாதம் நான்கு முறை ரொறன்ரோ போய்த் திரும்புகிறவர்கள், பனிச்சூறை நாட்களில் மின்சாரம் போகும் வீதியில் இருப்பவர்கள், வீட்டில் மின்னேற்றவும் பெட்ரோலில் ஓடவும் முடிகிற பிளக் இன் ஹைபிரிட்டைப் பார்க்கலாம்.

படி 8: பழைய வண்டியானால் துருவைத் தேடுங்கள்

ஒன்ராறியோவில் வண்டியைக் கொல்வது கிலோமீட்டர் அல்ல, உப்பு. சரளை வீதிக்காரர்களுக்குக் கோடையிலும் விடுதலை இல்லை. தூசி எழாமல் இருக்கத் தெளிக்கும் கால்சியம் குளோரைடும் உப்புதான்.

ஒரு கைவிளக்கும் சிறு காந்தமும் எடுத்துப் போங்கள். கதவுக்குக் கீழே ஓடும் பட்டையைத் தட்டுங்கள். "டொக்" என்ற கெட்டிச் சத்தம் நல்லது, சரசரத்தால் உள்ளே துரு உதிர்கிறது. காந்தம் ஒட்டாத இடத்தில் பூசி மறைத்திருக்கிறார்கள். பின்சக்கர வளைவின் உட்பக்கம், அடியில் ஓடும் பிரேக் குழாய், பின் தாங்குசட்டம் ஆகிய மூன்றையும் வண்டியை உயர்த்திப் பார்க்க வேண்டும். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு பளபளத்தால் எழுந்து வந்துவிடுங்கள். நான் ஒருமுறை அப்படி ஒரு பூச்சைத் திருகாணிச் சாவியால் லேசாகக் குத்தினேன். சாவி உள்ளே போய்விட்டது. விற்க வந்தவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராவ்4 ஹைபிரிட் 2019க்குப் பிந்திய வடிவத்தில், பின் மோட்டாருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கம்பியின் இணைப்பை உப்பு அரித்ததாகக் கனடாவில் புகார்கள் எழுந்தன. நிறுவனம் அந்தப் பாகத்துக்கு உத்தரவாதத்தை நீட்டித்தது. பழையது வாங்கினால் அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

தனியாரிடம் வாங்கினால், ஒன்ராறியோவில் பழைய வண்டித் தகவல் தொகுப்பை விற்பவரே தர வேண்டும். கடன் பாக்கி, முந்தைய உரிமையாளர்கள் எல்லாம் அதில் இருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாள் செல்லும். அது அந்த நாளில் வண்டி குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது என்று சொல்லும் காகிதம் மட்டுமே. உங்கள் மெக்கானிக்கிடம் தனியாகக் காட்டுங்கள். 2012 மாதிரிக்கு முந்தியதைத் தொடாதீர்கள்: சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிடித்து வண்டியை நேராக்கும் மின்னணுக் கட்டுப்பாடு 2011 செப்டம்பர் 1 முதல்தான் கட்டாயமானது. வாங்கிய பின், ஆண்டுதோறும் உப்புக்காலத்துக்கு முன் துருத்தடுப்பு எண்ணெய் அடியுங்கள்.

படி 9: பனி நாளில் ஓட்டிப் பாருங்கள்

வெயில் நாளில் எல்லா வண்டியும் நல்ல வண்டி. பனி விழுந்த காலையில் கடைக்குப் போங்கள். முதலில் எந்த டயர் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள், இல்லாவிட்டால் டயரின் குறையை வண்டியின் தலையில் கட்டிவிடுவீர்கள். வெறுமையான நிறுத்துமிடத்தில் 30 கி.மீ.யில் பிரேக்கை முழுவதும் அழுத்துங்கள். பாதத்தில் துடிக்கும், கரகரக்கும். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், காலை எடுக்கக் கூடாது. சறுக்கல் கட்டுப்பாட்டை நிறுத்தும் பொத்தான் எங்கே என்று தேடுங்கள். பனியில் புதைந்தால் சக்கரத்தைச் சுழலவிட்டு முன்னும் பின்னும் ஆட்டி எடுக்க அது தேவைப்படும். வெப்பக்காற்று வர எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தில் பாருங்கள். கையுறையோடு பொத்தான்களை அழுத்த முடிகிறதா? தொடுதிரையில் மூன்று பக்கம் புரட்டினால்தான் கண்ணாடியில் படிந்த மூட்டம் போகும் என்றால் வேறு வண்டி பாருங்கள்.

இனித் தேர்வு. தாரிட்ட வீதி, இரண்டு பிள்ளைகள்: கொரோலா, சிவிக் போன்ற முன்சக்கர இழுவை வண்டியும் முதல்தரப் பனிக்கால டயரும். சரளை வீதி, இரண்டு பிள்ளைகள்: ஃபாரஸ்டர் என் முதல் தேர்வு, கண்ணாடிகள் பெரியவை, நாலாபுறமும் தெரியும், ராவ்4, சிஆர்வி அடுத்தவை. மூன்று பிள்ளைகளும் தாத்தா பாட்டியும்: தாரானால் நான்கு சக்கர இழுவை சியென்னா, சரளையானால் அசென்ட், ஹைலாண்டர், பைலட் போன்ற மூன்று வரிசை எஸ்யூவிகள். நாங்கள் அந்த வாய்க்கால் வண்டியை விற்றுவிட்டு ஐந்து வயதான ஃபாரஸ்டர் வாங்கினோம். மிஞ்சிய பணத்தில் 1,500 டாலர் டயருக்குப் போனது.

படி 10: வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே

காற்றழுத்தத்தைக் குளிரில் அளந்து நிரப்புங்கள்; வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்கினால் ஏறக்குறைய ஒரு பவுண்டு அழுத்தம் குறையும். கண்ணாடி கழுவும் நீர் மைனஸ் 40 பாகை தாங்கும் வகையாக இருக்கட்டும். எரிபொருள் பாதிக்குக் கீழே போகவிட வேண்டாம். கிளம்பும் முன் மாகாண வீதித் தகவல் சேவையான 511ஐ அழைத்தோ இணையத்தில் பார்த்தோ நெடுஞ்சாலை திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். மூடிய வீதியில் ஓட்டுவது குற்றம், இழுத்தெடுக்கவும் யாரும் உடனே வரமாட்டார்கள்.

வண்டியில் இருக்க வேண்டியவை: கம்பளி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, மணல் பை, மின்கலம் ஏற்றும் கருவி, பிள்ளைகளுக்குக் கொறிக்க ஏதாவது. புதைந்து நின்றபடி இயந்திரத்தை ஓடவிட்டால் முதலில் புகைக்குழாய் வாயைச் சுற்றிப் பனியை வாருங்கள். அதற்கு வேண்டிய மண்வாரியைப் பின்பெட்டியில் வைக்காதீர்கள். பின்கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும் நாளில்தான் அது தேவைப்படும். எங்களுடையது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், மகளின் காலடியில் கிடக்கிறது.